யார் பார்வையில் திறமை?

1990இல் மண்டலுக்கு எதிராகத் 'தகுதி, திறமை' என்று கத்திய குரல் இன்று சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ அறையிலும் கேட்கிறது. போர்டில் புரோகிராம் எழுது, எழுதிக்கொண்டே வாய்விட்டு விளக்கு என்கிறார்கள். இதிலே அளக்கிறது எதை?

2020இல் அமெரிக்காவின் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 மாணவர்களை வைத்துச் சோதித்தன. தனியறையில் எழுதியவர்களைவிட, ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க எழுதியவர்களின் மதிப்பெண் பாதிக்கும் கீழே போனது. தனியே எழுதிய பெண்கள் அத்தனை பேரும் சரியாகப் போட்டார்கள். பார்வைக்கு முன்னால் ஒருத்திகூடப் போடவில்லை. சின்னக் கூட்டம்தான், ஆனாலும் இதை லேசில் தள்ளிவிட முடியாது.

பெண்ணுக்கே இப்படின்னா, தெருவுல நடந்தாலே முறைச்சுப் பார்க்கப்பட்டவங்க நாம. திருவாடானைப் பக்கத்துச் சேரியிலிருந்து பஸ் ஏறிச் சென்னை போகிற பிள்ளை அந்தப் போர்டுக்கு முன்னால் எப்படி நிற்கும்? அதையும் தாண்டினால், 'அப்பா என்ன பண்றார்?' ஜோத்காவும் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், டெல்லியில் ஆளெடுக்கும் அதிகாரிகள் ஜாதி பார்ப்பதில்லை என்றார்கள். குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்பா களையெடுக்கப் போவது புரோகிராமில் எத்தனாவது வரி?

சலுகை கேட்கலை. கணக்கைக் கொடு, கதவைச் சாத்திட்டுப் போ. பெயரை மறைச்சுத் திருத்து.