ஒருதலை துணிதல்

தேர்வுத்தாளில் எழுதிய கட்டுரையை யாராவது ரசித்துப் படிப்பார்களா? திருத்துகிற ஆசிரியரைக் கேட்டால் அவரே சிரித்துவிடுவார். முன்னுரையில் ஒரு குறள், நடுவில் நான்கு உட்தலைப்பு, முடிவுரையில் 'பாடுபடுவோமாக' என்று கட்டு முழுக்க ஒரே அச்சாக இருக்கும். ஆனாலும் தேர்வுக் கட்டுரையில் ஒரு வகை உண்டு. நல்ல கை எழுதினால் அதை இரண்டாம் முறையும் எடுத்துப் படிக்கத் தோன்றும். ஒரே பொருளைப் பற்றிப் பலர் சொன்னதைக் கையில் கொடுத்து, 'இவற்றை வைத்துக்கொண்டு உன் கட்சியைச் சொல்' என்று கேட்கிற வகை அது.

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் ஏபி ஆங்கில மொழித் தேர்வில் 2007 முதல் இப்படி ஒரு கேள்வி வருகிறது. ஆறு சான்றுகள் கொடுப்பார்கள். கட்டுரைத் துண்டு இருக்கும், அட்டவணையோ படமோ இருக்கும். படிக்க 15 நிமிடம், எழுத 40 நிமிடம். குறைந்தது மூன்று சான்றையாவது எடுத்தாள வேண்டும். அவர்களுடைய வரலாற்றுத் தேர்வில் ஆவணங்களை வைத்து எழுதும் கேள்வி 1973லேயே வந்துவிட்டது. நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளிலும் 'குறிப்புகளைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதுக' என்று கேட்பதுண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே பெரிய வேறுபாடு இருக்கிறது. குறிப்புகள் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. வரிசையாக நிற்கும்; இடைவெளியை நிரப்பினால் போதும். சான்றுகள் அப்படியல்ல. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கும். மூன்றாவது, இரண்டுக்கும் சம்பந்தமில்லாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். இந்தக் கலையின் ருசியே அந்தச் சண்டையில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வியை மூணாறு மலையில், பள்ளிவாசலில் வைத்துப் பார்க்கலாம். இதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவைச் சேர்ந்த ஊர். வீட்டில் தமிழ், அரசு அறிவிப்பில் மலையாளம், எஸ்டேட் காகிதத்தில் ஆங்கிலம். இங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு மூன்று மொழிக் காகிதத்தையும் ஒரே மேசையில் போட்டுப் பார்ப்பது அன்றாடப் பழக்கம். கேரளத்தில் எஸ்எஸ்எல்சி வினாத்தாளும் தமிழில் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'இந்த மலையின் தமிழ்த் தொழிலாளர்களை வந்து போகிறவர்கள் என்று சொல்வது பொருந்துமா?' கேள்வி என் கற்பனை. கூடவே வைக்கும் ஆறு சான்றும் உண்மை.

முதலாவது, மின்வாரியத்தின் விவரம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் பள்ளிவாசல். 1940இல் ஓடத் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் தண்ணீர். மொத்தத் திறன் 37.5 மெகாவாட். இரண்டாவது, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் கதை. 1908இல் இரண்டடி அகலத் தண்டவாளமாக மாறிய அந்தப் பாதையில் டாப் ஸ்டேஷன்வரை தேயிலை போயிற்று. அங்கிருந்து கம்பிவடத்தில் போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு அது திரும்பவே இல்லை. மூன்றாவது, மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கை. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொன்ன ஆணையம், தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் இருக்கட்டும் என்றது. நான்காவது, அந்த முடிவைப் பற்றிக் காமராஜர் சொன்னதாக இன்றும் சொல்லப்படும் 'குளமாவது மேடாவது'. ஐந்தாவது, 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு மூணாறு சாலையை மறித்த பெண் தொழிலாளர்களின் 'பொம்பிளை ஒருமை' போராட்டச் செய்தி. அதற்குப் பிறகு 232 ரூபாயாக இருந்த நாள்கூலி 301 ஆயிற்று. ஆறாவது, 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோன செய்தி.

சாதாரணக் கை ஆறையும் எடுத்துக்கொள்ளும். சான்றுக்கு ஒரு பத்தி, ஆறு பத்தி, முன்னும் பின்னும் இரண்டு வரி, கட்டுரை முடிந்தது. படித்தால் ஆறு பேர் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும். யாரும் யாருடனும் பேசவில்லை. நன்னூல் பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது 'வெற்றெனத் தொடுத்தல்' என்று ஒன்றை வைக்கிறது. தேர்வறைக்கென்றே பவணந்தி முனிவர் எழுதிவைத்ததுபோலத் தோன்றும். அதே பட்டியலில் உள்ள 'மற்றொன்று விரித்தல்', 37.5 மெகாவாட்டைப் பார்த்ததும் மின்சாரத்தின் பெருமையை ஒரு பக்கம் எழுதிவிடும் பிள்ளைக்கு. 'சென்று தேய்ந்து இறுதல்', மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுதிய கடைசிப் பக்கத்துக்கு. தேர்வுக் கட்டுரையைத் திருத்துவோருக்கு இதைவிடக் கறாரான அளவுகோல் வேறு மொழியில் இருக்குமா தெரியாது.

நல்ல கை முதலில் காட்டும் திறமை, விடுவதில் இருக்கிறது. மின்நிலையத்துக்கும் இந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனவே அதைத் தள்ளிவிடலாம், தப்பில்லை. ஆனால் இன்னும் தேர்ந்த கை அதைத் தள்ளாது. ஒரே வரியில் வேறு பக்கமாகத் திருப்பும். 'மின்வாரியத்தின் கணக்கில் மெகாவாட் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. மலையைக் குடைந்தவர்களின் பெயர் இல்லை.' இந்த வரியில் புதிய தகவல் ஒன்றுமில்லை. எழுதியவர், சான்று சொன்னதோடு அது சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படித்திருக்கிறார், அவ்வளவுதான். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது, சாட்சியை அறிமுகப்படுத்தும் நயம். ஆணையத்தில் மூன்று பேர்: பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர். பணிக்கர் மலையாளி. இது தெரிந்தவுடனே 'அதனால்தான் அப்படி எழுதினார்கள்' என்று முடித்துவிட ஆசை வரும். மலையேறினால் டீக்கடைப் பேச்சிலும் இதைக் கேட்கலாம். அதில் சூடு இருக்கும், கட்டுரைக்கு வேண்டிய வாதம் இருக்காது. தேர்ந்த எழுத்து பணிக்கரின் ஊரைச் சொல்லும், மறைக்காது. சொல்லிவிட்டு உடனே ஆணையத்தின் காரணத்துக்குப் போய்விடும். இந்த மலையில் தமிழர் எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துவது தோட்ட வேலைக்கு வந்த கூட்டம், அது நிலையானதல்ல என்ற வாதம் அன்று பலமாக இருந்தது. கேரளப் பொருளாதாரத்துக்கு இந்த மலை தேவை என்பது இன்னொரு வாதம். ஆளை விட்டு வாதத்தோடு மோதுவது மரியாதை மட்டுமல்ல, உத்தியும்கூட. ஆளைத் தாக்கினால் வாதம் தப்பித்துப் போய்விடும்.

இனித் தையல். ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம். முதல் விதம்: 'ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. பெட்டிமுடியில் 2020இல் நிலச்சரிவு ஏற்பட்டது.' இரண்டும் உண்மை, இரண்டும் அந்நியம். இரண்டாவது விதம்: 'ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. மேலும், பெட்டிமுடியில் 2020இல் நிலச்சரிவு ஏற்பட்டது.' இந்த 'மேலும்' ஒரு பொய்ச்சாட்சி. தொடர்பு இல்லாத இடத்தில் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்க் கட்டுரைகளில் இதுவும், 'இதனைத் தொடர்ந்து' என்பதும் செய்யும் அநியாயத்துக்கு அளவில்லை. மூன்றாவது விதம்: 'நிலையாகத் தங்காதவர்கள் என்று 1955இல் வாதிடப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள், அறுபத்தைந்து ஆண்டு கழித்தும் அதே தோட்டத்து லயங்களில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மண் சரிந்த இரவு அதைத்தான் காட்டியது.' இங்கே இணைப்புச் சொல்லே இல்லை. அறிக்கையின் வாதத்தை நாளிதழ்ச் செய்தி நேருக்கு நேர் நின்று கேட்கிறது. அழுகையும் இல்லை, அடைமொழியும் இல்லை. எழுபது உயிரைத் தன் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடும்போது குரலை உயர்த்தாமல் இருப்பதும் இந்தக் கலையில் ஒரு பண்பு.

ரயிலும் அப்படித்தான். வெள்ளத்தில் போன ரயிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1946இல் கட்டிமுடித்த சேதுபார்வதிபுரம் அணையின் தண்ணீர்தான் பள்ளிவாசலுக்கு வருகிறது என்பது தெரிந்த பிள்ளை இரண்டையும் கோத்துவிடும்: அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் வந்து போயிற்று, அதன் பிறகு அணை வந்தது, இரண்டு காலத்துக்கும் இடையில் கொழுந்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை. வந்து போனது யார், நின்றது யார் என்ற கேள்வி இப்போது தலைகீழாகிவிட்டது. இரண்டு சான்று ஒரு வரியில் கூடி, கேள்வியையே திருப்பிப் போடுகிற இந்த இடத்துக்காகத்தான் நான் இவ்வகைக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறேன்.

காமராஜர் சொன்னதாகச் சொல்லும் பேச்சை என்ன செய்வது? இந்தச் சோதனையில் பெரும்பாலோர் விழுவார்கள். 'காமராஜர் கூறினார்' என்று எழுதினால் செவிவழிப் பேச்சை ஆவணமாக்கிய குற்றம். ஆதாரம் இல்லை என்று தூக்கிப்போட்டால் நல்ல சாட்சியை இழந்த நஷ்டம். தமிழில் இதற்கு நேர்த்தியான வழி இருக்கிறது. 'சொன்னாராம்' என்ற ஒரே ஓசையில், இது நான் கண்டதல்ல, கேட்டது என்று வாசகரிடம் சொல்லிவிடலாம். 'என்பர்', 'என்பாரும் உண்டு', 'போலும்' என்று இன்னும் பல படிகள் நம்மிடம் உண்டு. தேர்ந்த கை அதற்கும் மேலே ஒரு படி போகும். அந்தப் பேச்சைக் காமராஜரின் மனதுக்குச் சாட்சியாக வைக்காது. அதைத் தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களின் மனதுக்குச் சாட்சியாக வைக்கும். அவர் சொன்னாரோ இல்லையோ, கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் அந்த மக்களிடம் இருந்தது. அதற்கு அந்தப் பேச்சு நின்று நிலைத்ததே போதிய ஆதாரம். பலவீனமான சான்றைப் பலமான இடத்துக்கு மாற்றி உட்காரவைக்கும் இந்த வித்தை, பல ஆண்டுப் பயிற்சி உள்ளவர்களுக்கே எளிதில் வராது.

இந்தப் பழக்கமெல்லாம் அமெரிக்கத் தேர்வு வாரியம் கண்டுபிடித்ததல்ல. நம் உரையாசிரியர்கள் வேறென்ன செய்தார்கள்? குறளுக்குப் பதின்மர் உரை செய்ததாக மரபு. அந்த வரிசையில் கடைசியாக எண்ணப்படும் பரிமேலழகர், வேறு பாடம், வேறு பொருள் கொண்டவர்களைச் சொல்லி, ஏன் அது பொருந்தாது என்று காட்டித் தன் பொருளை நிறுத்துகிறார். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று மதிப்போடு குறிப்பிட்டு, அடுத்த மூச்சில் மறுக்கிறார். முன்னோர் நூலிலிருந்து வழிநூல் செய்யும் முறை நான்கு என்று கணக்கிட்ட தொல்காப்பியம், தொகுத்தல், விரித்தல் இரண்டோடு நிற்காமல் 'தொகைவிரி' என்று மூன்றாவதையும் வைத்தது. சுருக்க வேண்டியதைச் சுருக்கி, விரிக்க வேண்டியதை விரிப்பது. ஆறு சான்றை நாற்பது நிமிடத்தில் எழுதுகிற பிள்ளைக்கு வேண்டியதும் அதுவேதான்.

எல்லாவற்றுக்கும் மேல், முடிவு. நம் பட்டிமன்ற நடுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணியும் பேசி முடித்தபின், 'இதுவும் உண்மை, அதுவும் உண்மை, குடும்பத்தில் அன்புதான் முக்கியம்' என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தேர்வுக் கட்டுரைகளிலும் இந்த நடுவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில், ஒன்று 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே'. இரண்டு பேர் மாறுபட்டு நின்றால் ஒரு பக்கம் துணிந்து சொல்வது. ஏபி தேர்வின் ஆறு மதிப்பெண்ணில் முதல் மதிப்பெண் இதற்குத்தான்: உன் கட்சி என்ன என்று சொன்னாயா? அடுத்த நான்கு சான்றுக்கும் விளக்கத்துக்கும். கடைசி ஒன்று, சிக்கலின் ஆழம் தெரிந்து எழுதியதற்கு.

அந்தக் கடைசி மதிப்பெண் தோற்ற பக்கத்தை எப்படி நடத்துகிறோம் என்பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பள்ளிவாசல் பிள்ளை இப்படி முடிக்கலாம்: 'கங்காணி கூட்டிவந்த முதல் தலைமுறைக்கு ஊர் திரும்பும் நினைப்பு இருந்திருக்கலாம், அந்த அளவில் வந்து போகிறவர்கள் என்ற வாதம் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் 2015இல் சாலையில் உட்கார்ந்த பெண்கள் போவதற்கு வழி கேட்கவில்லை. இருப்பதற்குக் கூலி கேட்டார்கள்.' துணிந்தாயிற்று, மறுபக்கத்துக்கு உரியதையும் கொடுத்தாயிற்று. இத்தனைக்கும் எல்லை எங்கே போட்டிருக்க வேண்டும் என்று இந்த விடை பேசவே இல்லை. கேள்வி அதுவல்ல என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. மலையில் நின்றுகொண்டு அந்தப் பேச்சுக்குள் விழாமல் இருப்பது சின்னக் கட்டுப்பாடு அல்ல.

நம் பள்ளித் தேர்வுகளில், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், குறிப்புச் சட்டகத்தோடு சண்டை போடும் சான்றுகளையும் கொடுத்துப் பார்க்கலாம். திருத்துவது கடினம்தான், விடைக்குறிப்பை வைத்து மதிப்பெண் போட முடியாது, ஒவ்வொரு தாளையும் படித்தாக வேண்டும். ஆனால் தேவிகுளம், பீர்மேட்டின் கதையை இதுவரை ஆணையமும் கம்பெனியும் கட்சிகளும்தான் காகிதத்தில் எழுதி வந்திருக்கின்றன. அந்தக் காகிதங்களையெல்லாம் எதிரே வைத்துக்கொண்டு, யார் சொன்னது எவ்வளவு தூரம் நிற்கும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் லயத்திலிருந்து வந்தால், ஆறுக்கு ஐந்தா ஆறா என்பதைத் திருத்துகிறவர் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த அறிக்கையை எழுதப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.