முன்னிலைக்குப் பால் இல்லை

சமையல் குறிப்பும் திருமண அழைப்பிதழும் வாடகை ஒப்பந்தமும்கூடப் பிரதிகள்தாம் என்று பெண்ணிய விமர்சனம் வெகுநாளாகச் சொல்லிவருகிறது. மெக்கானிக் ஷெட்டின் எழுத்தை மட்டும் நாம் அதிகம் தொடவில்லை. அதில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஸ்நோர்கெலை நாமே பொருத்திக்கொள்ளச் சொல்லித்தரும் செய்முறைத் தாள்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் பெரும்பாலான வண்டிகளில் பானெட்டுக்குக் கீழே, மட்கார்டை ஒட்டி இருக்கிறது. அந்த வாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிடும் குழாய்தான் ஸ்நோர்கெல். கீழே இருக்கும் வாய்க்குள் தண்ணீர் புகுந்தால் அது சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, கனெக்டிங் ராட் வளையும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் இன்னும் குறைவு என்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் சென்னையில் பார்த்தவர்களுக்கு, தெருவே நீர்வழியாவது எத்தனை எளிது என்று தெரியும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால், வழக்கமான காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஆகவே இது ஆற்றைக் கடக்கும் சாகசக்காரர்களுக்கு மட்டுமான பொருள் அல்ல. ஆனால் ஸ்நோர்கெல் வண்டியைப் படகாக்கிவிடாது. தொழிற்சாலையிலிருந்தே ஸ்நோர்கெலுடன் வரும் ஃபோர்ஸ் கூர்க்காவின் 2021ஆம் ஆண்டு வடிவத்துக்கு நிறுவனம் சொல்லும் நீராழம் 700 மில்லிமீட்டர்தான். குழாயின் வாய் கூரையில் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஆழமோ ஏறத்தாழத் தொடையளவில் நின்றுவிடுகிறது. ஆல்டர்னேட்டர், மின்னணுக் கருவிகள், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் மூச்சுவிடும் சிறு குழாய்கள், கதவின் ரப்பர் எல்லாம் பழைய இடத்திலேயேதான் இருக்கின்றன. ஆழம் கூடினால் வண்டி மிதக்கவும் தொடங்கும். குழாயின் உயரத்துக்கும் பத்திரமான ஆழத்துக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை விளம்பரப் படம் காட்டுவதில்லை.

இப்போது தாளுக்கு வருவோம். பேட்டரி இணைப்பைக் கழற்றவும். முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக்கை எடுக்கவும். அளவுத்தாளை வண்டியின் பக்கவாட்டில் ஒட்டவும். துளையின் மையத்தைக் குறிக்கவும். வெட்டும் முன் மீண்டும் சரிபார்க்கவும். இத்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. நான் வாசிப்புக்காகத் தமிழாக்கிக்கொண்டேன். ஆக்கியபோது ஒன்று தெளிவாயிற்று. இங்கே கட்டளை பெறும் ஆளுக்குப் பால் இல்லை. தொல்காப்பியம் முன்னிலை வினையை விரவுவினையில் வைக்கிறது. "வந்தாய்" என்பதை ஆணிடமும் சொல்லலாம், பெண்ணிடமும் சொல்லலாம், மாட்டிடமும் சொல்லலாம். "துளையிடு", "துளையிடுக", "துளையிடவும்" எதுவும் கேட்பவர் யார் என்று விசாரிப்பதில்லை. இலக்கணப்படி இந்தத் தாள் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொது.

வகுப்பில் மாணவிகளிடம் இத்தாளைக் கொடுத்துப் படர்க்கையில் மாற்றி எழுதச் சொன்னேன். படர்க்கைக்குப் போனதும் தமிழ் பால் கேட்கும். துளையிட்டானா, துளையிட்டாளா? பெரும்பாலோர் யோசிக்காமல் "அவன்" என்று எழுதினார்கள். சிலர் "அவர்" என்று எழுதி அந்தக் கேள்வியைத் தாண்டிப்போனார்கள். அந்த "அவர்" யாரென்று கேட்டபோது மெக்கானிக் என்றார்கள். கண்முன் வந்தது ஆண்தான். "அவள்" என்று எழுதிய ஒருத்தி, "அப்படி எழுதினதும் இது கதை மாதிரி ஆயிடுச்சு மேம், ஏன் செய்யறான்னு காரணம் சொல்லணும்போல இருந்துச்சு" என்றாள். விமர்சனமாக இதைவிடத் துல்லியமாக நான் எதையும் சொல்லிவிட முடியாது. அவன் துளையிட்டால் அது வேலை. அவள் துளையிட்டால் அதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது.

முன்னிலையில் திறந்திருந்த கதவைப் படங்கள் மூடுகின்றன. தாளிலும் காணொளியிலும் வரும் கை பெரும்பாலும் ஆணின் கை. வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று நல்ல தாள்கள் சொல்லும்: ஒருவர் குழாயை வண்டியோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் குறிக்க வேண்டும். அந்த இரண்டாம் ஆளை நமக்கு நன்றாகத் தெரியும். டார்ச் பிடிப்பவள், ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பவள், "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு" என்று திட்டு வாங்குபவள். உண்மையில், குழாய் முன்கண்ணாடித் தூணோடு இணையாக நிற்கிறதா என்று சற்று விலகி நின்று பார்க்கக்கூடியவள் அவள்தான். குறி தவறினால் முதலில் தெரிவது அவள் கண்ணுக்கு. அவள் சொன்னால் எடுபடுமா என்பது தாளில் இல்லை.

தாளின் மையம் அந்தத் துளை. மற்ற படிகளில் தவறினால் கழற்றி மாட்டலாம். துளையில் அது நடக்காது. பஞ்ச் அடித்து, சிறு ட்ரில்லால் வழிகாட்டித் துளை போட்டு, பிறகு ஹோல்சாவை வைத்து அழுத்தும்போது, லட்சக்கணக்கில் விலை கொடுத்த வண்டியின் தகடு வட்டமாகக் கழன்று விழுகிறது. ஐரிஸ் மரியன் யங் 1980இல் வெளியிட்ட "பெண்ணைப் போல் எறிதல்" என்ற கட்டுரையில், பெண்ணுடல் ஒரு செயலை நோக்கிப் போகும்போதே தன்னைத் தடுத்தும் கொள்கிறது, "என்னால் முடியும்" என்பதோடு "முடியாது" என்பதும் அதே அசைவில் கலந்திருக்கிறது என்று விளக்கினார். ட்ரில் பிடித்த கை தகட்டருகே தயங்குவதை அப்படி வாசிக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. தயக்கம் உடலில் மட்டும் இல்லை, ஆர்சி புத்தகத்திலும் இருக்கிறது. வண்டி யார் பெயரில்? தவணை யார் சம்பளத்தில் போகிறது? அவள் பெயரில், அவள் சம்பளத்தில் இருந்தாலும், அதில் திரும்பப்பெற முடியாத ஒரு வெட்டைப் போட அவள் யாரையும் கேட்க வேண்டாம் என்று அந்த வீடு ஒப்புக்கொள்கிறதா? சட்டத்தைக் கேட்கத்தான் வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைக்கிறது. வாரன்ட்டி விதியையும் படிக்க வேண்டும். இவை எல்லோருக்கும் ஒன்று. நான் கேட்பது இவற்றுக்கு மேல் அவளிடம் மட்டும் கேட்கப்படும் அனுமதியைப் பற்றி.

"ஐயமிருந்தால் தகுதியுள்ளவரிடம் கொடுத்துச் செய்யவும்" என்ற வரி இத்தகைய தாள்களில் வழக்கம். நியாயமான வரிதான். ஆனால் தகுதி எப்படி உருவாகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிந்தியா காக்பர்ன் 1983இல் வந்த தம் "பிரதர்ஸ்" நூலில், லண்டன் பத்திரிகைகளின் அச்சுக்கோப்பாளர்கள் தங்கள் திறனை எப்படி ஆண்களின் சொத்தாகவே காத்துவைத்தார்கள் என்று ஆராய்ந்தார். கையில் பழகும் வாய்ப்பை ஒரு சாராருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவரிடம் பழக்கமில்லை என்று காட்டுவது எளிது.

இதற்கு மறுப்பாக வரும் ஊக்கமூட்டும் எழுத்தும் எனக்குச் சிக்கலாகவே இருக்கிறது. "பெண்ணாலும் முடியும்" என்கிறார்கள். அந்த "உம்" என்ன உம்மை என்று தமிழ் படித்தவள் கேட்காமல் இருக்க முடியாது. ஆண் செய்வது போலப் பெண்ணும் செய்வாள் என்ற எச்ச உம்மையா? சொல்லும் தொனியைக் கேட்டால் இழிவு சிறப்பும்மை என்றே தெரிகிறது: பெண்ணாலேயே முடிகிறதென்றால் யாரால்தான் முடியாது! பாராட்டுப் போலத் தொடங்கி, வேலையின் எளிமைக்கு அவளைச் சான்றாக நிறுத்திவிட்டுப் போகிறது அது.

இன்னொரு வகைப் பாராட்டு, எல்லாவற்றையும் அவள் பையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் எடுத்துக்காட்டும். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் காரோட்டிப் போனார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார் என்பதை எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். அதே பயணத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னதாகவும் பதிவு உண்டு. அது பிரேக் லைனிங். ஊசி இனிமையான கதையாக நிலைத்தது. தோல் பொறியியலாக அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. குக்கர் காஸ்கெட் மாற்றத் தெரிந்தவளுக்கு ஸ்நோர்கெல் சீல் பெரிய வேலையா என்று யாராவது சொன்னால், எனக்கு இந்த ஊசிதான் நினைவுக்கு வருகிறது. அவள் கற்க வேண்டியது ஹோல்சா. அதை ஹோல்சாவாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

துளைக்குப் பிறகு வரும் படிகளில் தாள் அவசரப்படுகிறது. பிசிறை அரத்தால் தேய்த்து, வெறுந்தகடு தெரியும் விளிம்புக்கு பிரைமரும் பெயின்ட்டும் பூச வேண்டும். இல்லாவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். ஏர் ஃபில்டர் பெட்டியோடு குழாய் சேரும் ஒவ்வோர் இணைப்பிலும் சிலிகான் வைத்து, கிளாம்பை இறுக்கி, பெட்டியின் அடியிலுள்ள வடிகால் ஓட்டையையும் கவனிக்க வேண்டும். இந்த வேலைகள் வெளியே தெரியாது. வெளியே தெரிவது வண்டியின் தோளில் நிமிர்ந்து நிற்கும் கறுப்புக் குழாய்தான். ஸ்நோர்கெல் என்ற சொல் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்தது. அந்தப் போர்க்கள மிடுக்குக்காகவே அதை மாட்டுகிறவர்களும் உண்டு. உள்ளே ஓர் இணைப்பு சரியாக அடைபடாவிட்டால், கூரையில் வாயை வைத்துக்கொண்டு கீழே தண்ணீர் குடிக்கும் வண்டி அது. ஆண்மையின் அலங்காரத்துக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நேராகக் காட்டும் பொருளை நான் கண்டதில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, குழாயின் மேல்வாயைத் தட்டையான பொருளால் ஒரு கணம் முழுக்க மூட வேண்டும். எஞ்சின் திணறி அணையப் போனால் இணைப்புகள் இறுக்கம். ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தால் வேறெங்கோ காற்று புகுகிறது; மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாளின் கடைசியில் அல்ல, முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பேன். பொருத்தியவர் யார், எத்தனை வருட அனுபவம், என்ன தொனியில் பேசினார் என்பதையெல்லாம் அது கேட்பதில்லை. ஷெட்டில் ஒருவர் "எல்லாம் பக்காவா இருக்கும்மா, நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும்போது, அவரை வைத்துக்கொண்டே அவள் இதைச் செய்துபார்க்கலாம்.

மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். எல்லோரும் ட்ரில் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் "செய்யவும்" என்று முடியும் எந்தத் தாளையும் உங்களிடம் சொல்லப்பட்டதாகவே படியுங்கள். உங்கள் பெயரில் வண்டி வாங்குங்கள். தெரியாத தண்ணீரில் இறங்கும் முன் ஆழமும் ஓட்டமும் பாருங்கள். ஓட்டம் பலமாக இருந்தால், எந்தக் குழாய் மாட்டியிருந்தாலும் திரும்பிவிடுங்கள். அதை மீறி நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் எத்தனை உரிமையோடு "இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணு" என்று சொன்னாலும்.