கருத்துரு என்றொரு பிரதி

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் கைவைத்துத் திருத்திய பிரதி எதுவென்று கேட்டால், 2012இல் பஞ்சமி நில மீட்பு வேலைக்காக ஒரு நிதி நிறுவனத்துக்கு அனுப்பிய மூன்று பக்கக் கருத்துருவைத்தான் சொல்வேன். நாவலுக்கும் கவிதைக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். சேரியைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக எழுதப்படும் இந்த உரைநடைக்கு நாதியில்லை. ஆகவே என் பிரதியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வரைவில் விஷயம் நேராக இருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் மூன்று ஊர்களில் டி.சி. நிலம் யார் யார் கையில் இருக்கிறது, அது எப்படிப் போனது, மீட்க என்ன வேண்டும். போன வேகத்தில் பென்சில் குறிகளோடு திரும்பி வந்தது. ‘மீட்பு’ இருந்த இடத்தில் ‘நில அணுகலை மேம்படுத்துதல்’. ‘போராட்டக் குழு’ இருந்த இடத்தில் ‘சமூக அடிப்படை அமைப்பு’. சேரிக்காரர்கள் ‘பயனாளிகள்’ ஆகியிருந்தார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களோ ‘பிற பங்குதாரர்கள்’.

இந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதாரின் உரிமைக்கே ‘பங்கு’ என்றுதான் பெயர். நூற்றாண்டு கடந்து, வளர்ச்சிச் சொல்லாடல் வழியாக, அதே பங்கு அதே ஆளின் கைக்குத் திரும்ப வந்துவிட்டது. எழுதியவருக்கு இது தெரிந்திருக்காது. தெரியாமலே வேலை செய்வதுதானே சொல்லாடல்.

அடுத்து அந்தக் கட்டம் போட்ட தாள். ‘லாக்ஃபிரேம்’ என்பார்கள். 1969இல் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமைக்காக உருவாக்கப்பட்டது. நான்கு வரிசை, நான்கு பத்தி. இலக்கு, நோக்கம், வெளியீடு, செயல்பாடு என்று மேலிருந்து கீழே. ஒவ்வொன்றுக்கும் விவரம், அளவுகோல், சரிபார்க்கும் வழி, கடைசியாக ‘ஊகங்கள்’. திட்டத்தின் கைக்குள் அடங்காதது எதுவோ, அது நடக்குமென்று ஊகித்து நான்காம் பத்தியில் எழுத வேண்டும். நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘வருவாய்த் துறை ஒத்துழைக்கும்.’ ‘பிற சாதியினரிடமிருந்து எதிர்ப்பு இராது.’ எங்கள் மொத்தப் பிரச்சினையே இந்த இரண்டு வரிதான். அதை ஊகமென்று ஓரத்தில் தள்ளிவிட்டு, முதல் பத்தியில் ‘12 பயிற்சி முகாம்கள்’ என்று எழுதியவன் நான்தான். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990இல் எழுதிய ‘தி ஆன்டி-பாலிடிக்ஸ் மெஷின்’ நூலில் இதைத்தான் காட்டுகிறார். லெசோத்தோ பற்றிய உலக வங்கியின் 1975 அறிக்கை அந்நாட்டை வெளிச் சந்தை தொடாத விவசாயச் சமூகமாகச் சித்திரித்தது. உண்மையில் அங்கிருந்த ஆண்கள் காலங்காலமாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தைச் சொன்னால் நிறவெறி அரசைச் சொல்ல வேண்டும். விவசாயம் தெரியாத மக்கள் என்று சொன்னால் விதையும் பயிற்சியும் போதும். பிரச்சினையை எப்படி வரையறுக்கிறோம் என்பதற்குள்ளேயே கிடைக்கப்போகும் தீர்வு உட்கார்ந்திருக்கிறது.

இதோடு ஒப்பிட இன்னொரு பிரதி நம் கையிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு. காலனி அதிகாரி, புரட்சிக்காரர் கிடையாது. ஆனாலும் பறையர்கள் நிலமற்றிருப்பதற்கு அவர்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்லி அவர் நழுவவில்லை. தரிசு நிலத்தில் மிராசுதார்களுக்கு இருந்த முன்னுரிமையைச் சுட்டினார். 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள் மட்டுமே கைமாறலாம் என்ற நிபந்தனையோடு தரப்பட்டதுதான் பஞ்சமி நிலம். 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். என் கருத்துருவின் ‘பின்னணி’ப் பகுதியில் காரணை இருந்தது. இடமில்லை என்று வெட்டப்பட்டது. இரண்டு வரி.

நிதி நிறுவனத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலையின்போது வந்தது. 2010இல் அதற்குப் பதில் புதுச் சட்டம். 2011 விதிகள் பந்த், ஹர்த்தால், சாலை மறியல், ரயில் மறியல், சிறை நிரப்பல் செய்கிற அமைப்பையெல்லாம் அரசியல் தன்மையுள்ளது என்று அறிவிக்க வழிசெய்தன. கட்சி அரசியலில் இல்லாத அமைப்புகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020இல். அதற்குள் ‘போராட்டம்’ என்ற சொல்லை எழுதாமலிருக்க நம்மாட்கள் பழகிவிட்டார்கள். பென்சிலை வாங்கிப் பார்த்தால் அதைப் பிடித்திருந்த விரல்களில் நம் விரலும் இருக்கும்.

“அப்போ காசே வேணாம்னு சொல்றியா?” என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. தொண்டு நிறுவனம் என்றாலே ஏகாதிபத்தியக் கைக்கூலி என்று முடித்துவிடுவது சுலபம். தாலுகா ஆபீசில் யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைத் தேடி எடுத்து நகல் வாங்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலோடு போய்வர, கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்குச் சோறு போடக் காசு வேண்டும். சந்தா வசூலித்தோம், நாலாயிரம்கூடத் தேறவில்லை.

திருத்திய கருத்துருவைச் சேரிக் கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்டினேன். வயதான அம்மா ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதாம்பா. நெலம் நம்மளுதுன்னு எங்க எழுதியிருக்க?” என்றார். தேடிப் பார்த்தேன். இல்லை.

அன்று ராத்திரியே தமிழில் ஒரு பக்கம் எழுதினோம். புல எண், ஏக்கர், யாருக்குத் தரப்பட்டது, இன்று யார் பெயரில் பட்டா. பயனாளி இல்லை, பங்குதாரர் இல்லை. ஆங்கிலக் கருத்துரு அதன் போக்கில் போய், கேட்டதில் பாதிப் பணம் வந்தது. அந்தப் பணத்தில்தான் நகல்கள் எடுத்தோம். தமிழ்ப் பக்கத்தில் நாற்பத்தேழு கைநாட்டும் கையெழுத்தும் விழுந்து, திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் போனது. ‘பிற பங்குதாரர்கள்’ மறுநாளே வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள்.