இப்னு துஃபைலின் தீவில் ஃபித்ரத்

நம் விழா மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் 'ஹய் இப்னு யக்ளான்' என்னும் பெயர் எடுக்கப்படும்போதெல்லாம் இரண்டு செய்திகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, டேனியல் டெஃபோ 1719இல் எழுதிய 'ராபின்சன் குரூசோ'வுக்கு மூலம் இதுவே என்பது. மற்றொன்று, மனிதன் தன்னந்தனியே விடப்பட்டாலும் தன் ஃபித்ரத்தினால் இறைவனைக் கண்டடைவான் என்பதற்கு இந்நாவல் சான்று என்பது. முதற் செய்தியைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. 1671இல் இலத்தீனிலும் 1708இல் சைமன் ஆக்லியின் கைவண்ணத்தில் ஆங்கிலத்திலும் இந்நூல் வெளிவந்துவிட்டது. டெஃபோ அதைப் படித்தாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. நமக்கு அதில் கிடைப்பது பெருமை மட்டுமே. இரண்டாவது செய்திதான் ஆராயத் தக்கது. நாவலில் வரும் ஃபித்ரத்தும் நபிமொழியில் வரும் ஃபித்ரத்தும் ஒன்றுதானா?

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'ஃப-த-ர' என்னும் வேருக்குப் பிளத்தல், முதன்முதலாகத் தொடங்குதல் என்ற பொருள்கள் உண்டு. நோன்பு திறப்பதைக் குறிக்கும் இஃப்தாரும் பெருநாளன்று நாம் கொடுக்கும் ஃபித்ராவும் இவ்வேரில் பிறந்தவையே. கிணறு ஒன்றுக்காக வழக்காடிய இரு நாட்டுப்புற அரபிகளுள் ஒருவர், அதை முதலில் தோண்டத் தொடங்கியவர் தாமே என்பதற்கு இவ்வினையைப் பயன்படுத்தக் கேட்ட பின்னரே 'ஃபாத்திர்' என்னும் இறைத்திருநாமத்தின் பொருள் தமக்கு விளங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதைத் தஃப்ஸீர் நூல்களில் காண்கிறோம். அர்ரூம் அத்தியாயத்தின் 30ஆம் வசனம், அல்லாஹ் எந்த இயல்பில் மனிதர்களைப் படைத்தானோ அந்த இயல்பைப் பேசுகிறது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நபிமொழியோ, எல்லாக் குழந்தைகளும் அவ்வியல்பிலேயே பிறப்பதையும் பெற்றோரே அவர்களை வேறு மார்க்கத்தினராக ஆக்குவதையும் கூறிவிட்டு, காது அறுபடாமல் முழுமையாகப் பிறக்கும் கால்நடைக் குட்டியை உவமையாகக் காட்டுகிறது.

இவ்வுவமை மிக நுட்பமானது. இப்னு துஃபைலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னர் அதே அந்தலுஸில் வாழ்ந்த இப்னு அப்துல் பர்ரு (ரஹ்) அவர்கள் 'அத்தம்ஹீத்' என்னும் நூலில் ஃபித்ரத் பற்றிய கருத்துகளைத் திரட்டிவிட்டு, அது ஊனமின்மையைக் குறிக்கும் என்ற முடிவையே வலுவானதாகக் கொள்கிறார். தாயின் வயிற்றிலிருந்து எதையும் அறியாதவனாகவே மனிதன் வெளிவருகிறான். அவனிடம் இருப்பது ஏற்கத் தகுந்த முழுமை. இந்த முழுமையில் படித்தரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குட்டியின் அறுபடாத காது மற்றொரு குட்டியின் அறுபடாத காதைவிட உயர்ந்ததன்று.

இனித் தீவுக்கு வருவோம். அபூபக்ர் இப்னு துஃபைல் கிரனாடாவை அடுத்த வாதீ ஆஷைச் சேர்ந்தவர், முவஹ்ஹிதீன் கலீஃபா அபூ யஅகூப் யூஸுஃபின் மருத்துவர், இப்னு ருஷ்தை அரசவைக்கு அறிமுகப்படுத்தியவர், ஹிஜ்ரி 581இல் (கி.பி. 1185) மர்ராகுஷில் மறைந்தார். அவர் தம் நூலை 'ரிஸாலா' என்றே எழுதினார். நாவல் என்பது நம் காலத்தவர் இட்ட பெயர். முன்னுரையில் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் 'அல்முன்கித்' நூலைச் சுட்டுகிறார். அந்நூலில் இமாமவர்கள், இந்த நபிமொழியைச் சிந்தித்ததனால் பெற்றோரும் ஆசிரியரும் பூசும் சாயத்திற்கு முந்தைய ஃபித்ரத்தின் உண்மையை அறியும் வேட்கை தமக்கு எழுந்ததைச் சொல்கிறார்கள். இப்னு துஃபைல் அவ்வேட்கையைக் கதையாக்கினார் என்று கொள்ளலாம். நபிமொழியிலுள்ள பெற்றோரை அகற்றிவிட்டால் எஞ்சுவது என்ன? இதுதான் அவருடைய சோதனை.

இந்தியத் தீவுகளுள் ஒன்றில், நிலநடுக்கோட்டுக்குக் கீழே, ஒரு குழந்தை. அது களிமண்ணிலிருந்து தானே உருவானது என்பது ஒரு கூற்று. மூஸா (அலை) அவர்களைப் போலப் பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டது என்பது மற்றொரு கூற்று. பெண்மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. ஏழு வயதளவில் மான் இறக்கிறது. ஹய் அதன் கண்களையும் காதுகளையும் ஆராய்ந்து தடை ஏதும் காணாமல், கூரிய கல்லாலும் மூங்கிற் சிம்பாலும் நெஞ்சைப் பிளக்கிறான். இதயத்தின் வலப்புற அறையில் உறைந்த குருதி. இடப்புற அறை வெறுமை. தான் நேசித்த தாய் அந்த உடலன்று, அவ்வறையைவிட்டு நீங்கிய ஒன்றே என்ற எண்ணம் அவனுக்குள் எழுகிறது. நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் கருத்து. தத்துவப் பேராசிரியர்கள் இதைத் தனியறிவின் வெற்றியாகக் காட்டுவர். ஆனால் அந்த முதல் கேள்வியை எழுப்பியது பாசம். பெற்றோரை நீக்கப் புகுந்த ஆசிரியராலும் ஒரு தாயை நீக்க முடியவில்லை. காகத்தைப் பார்த்து மானை அடக்கம் செய்யும் இடத்தில் அல்மாயிதா அத்தியாயத்தின் காகம் நினைவுக்கு வராத முஸ்லிம் வாசகர் இருக்க முடியாது.

பிறகு ஏழேழு ஆண்டுகளாகப் படிகள் உயர்கின்றன: நெருப்பு, கருவிகள், பொருள்களின் வடிவம், வானம், படைத்தவன், இறுதியில் தன்னை மறந்த தரிசனம். ஐம்பது வயதளவில் அண்டைத் தீவிலிருந்து அப்ஸால் வருகிறார். ஹய்யுக்கு மொழி கற்பிக்கிறார். அப்ஸால் எடுத்துரைத்த நபித்துவத்தையும் தொழுகை, ஸகாத், நோன்பு, ஹஜ் ஆகியவற்றையும் ஹய் தயக்கமின்றி ஏற்கிறான். மக்கள் மீது இரக்கம் கொண்டு அவர்களுக்கு உண்மையை விளக்க அப்ஸாலுடன் புறப்படுகிறான், தோல்வியடைகிறான். இங்கேதான் அந்தச் சொல் மீண்டும் வருகிறது. அம்மக்கள் நன்மையை விரும்புவோராக இருந்தும் சத்தியத்தை அதன் வழியில் தேடாமைக்கு இப்னு துஃபைல் காட்டும் காரணம், அவர்களுடைய ஃபித்ரத்தில் உள்ள குறை!

நபிமொழியில் ஊனமின்மையாக இருந்த ஃபித்ரத் இங்கே குறையுடையதாகிவிட்டது. பெற்றோர் கெடுத்தனர் என்றுகூட ஆசிரியர் சொல்லவில்லை. இயல்பிலேயே குறை என்கிறார். ஃபாராபீ முதலிய தத்துவ ஞானிகளின் வழக்கில் ஃபித்ரத் என்பது பிறவித் திறன். அது சிலரிடம் மிகுந்தும் பலரிடம் குறைந்தும் இருக்கும். நூலின் தொடக்கத்தில் நபிமொழியின் வாசனையோடு நுழைந்த சொல், முடிவில் தத்துவ ஞானிகளின் பொருளோடு வெளியேறுகிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு இந்நாவலை நபிமொழிக்கு விரிவுரையாக்குவோர், மனிதர் அனைவருக்கும் வழங்கப்பட்ட ஒன்றைச் சிலருடைய சொத்தாக ஆக்கிவிடுகின்றனர்.

ஹய் யாரிடம் பேசினான் என்பதையும் பார்க்க வேண்டும். அவன் முன்னே அமர்ந்தோர் அப்ஸாலின் நண்பர்கள். அத்தீவில் விளங்கும் திறனில் முதன்மையானவர்கள். இவர்களுக்கே கற்பிக்க இயலாவிடில் பொதுமக்களுக்குக் கற்பிப்பது அதனினும் இயலாது என்று அப்ஸால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஆகவே மீனவரும் உழவரும் ஹய்யின் சொல்லைக் கேட்டதே இல்லை. அறிஞர் அவையில் நேர்ந்த தோல்வியின் பேரில் பாமரர் மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கற்பிக்கும் தொழிலில் இருப்போர் அப்ஸாலின் கணக்கை ஒப்ப மாட்டார்கள். அதிகம் கற்றவரே எளிதில் ஏற்பார் என்பது வகுப்பறையில் மெய்ப்படுவதில்லை. 'அவாம்களுக்கு இதெல்லாம் விளங்காது' என்று நம்மவர் சிலர் விளக்காமலே எழுந்துவிடும்போது, அவர்கள் வாயில் பேசுவது அப்ஸால்தான்.

இப்னு துஃபைலுக்கு நியாயம் செய்ய வேண்டும். ஹய் அம்மக்களை இகழவில்லை. ஷரீஅத்தின் வரம்புகளை உறுதியாகப் பற்றிக்கொள்ளுமாறு சொல்லி, ஸலாமானிடம் வருத்தம் தெரிவித்துவிட்டே விடைபெறுகிறான். ஷரீஅத் பொதுமக்களுக்குப் போதும் என்பதில் அவன் நேர்மையாக இருக்கிறான். ஆனால் அது அவர்களுக்கு மட்டுமே உரியது என்னும் தொனி அவ்வுபதேசத்தில் ஒலிக்கிறது.

இதற்கு மறுமொழி போலவே ஒரு நூல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிறந்தது. நுரையீரல் வழிக் குருதியோட்டத்தைக் கண்டறிந்த இப்னுந் நஃபீஸ் (மறைவு ஹி. 687 / கி.பி. 1288) எழுதிய 'அர்ரிஸாலத்துல் காமிலிய்யா' அது. அதன் நாயகன் காமிலும் தீவில் தனியே வளர்ந்து படைத்தவனை அறிகிறான். ஆனால் கப்பலில் வந்தோர் தந்த ரொட்டியை உண்டு, அவர்கள் மொழியைக் கற்றபின் அவன் அடையும் முடிவு வேறு. ஒருவர் உழ, ஒருவர் ரொட்டி சுட, ஒருவர் ஆடை தைக்க வேண்டும். மனிதன் தனியே நன்கு வாழ இயலாது. சேர்ந்து வாழ்வோருக்குச் சட்டம் தேவை. சட்டத்தைக் கொண்டுவர நபி தேவை. ஹய் அப்ஸாலுடன் படகேறித் தன் தீவுக்கே திரும்பிவிடுகிறான். காமிலின் கதையிலோ கப்பல் மனிதர்கள் வாழும் ஊரை நோக்கிச் செல்கிறது.