காலக்கணக்கும் கண்டனக்குரலும்: வெளிப்படுத்தின விசேஷ வியாக்கியானங்கள் பற்றிய ஒரு நோக்கு

சமய நூலொன்றை இலக்கியத் திறனாய்வின் கருவிகள் கொண்டு அணுகுதல் அதன் புனிதத்தைக் குறைத்துவிடும் என்னும் அச்சம் இன்றும் சிலரிடம் உண்டு. ஆயின், கிறிஸ்தவ உலகில் மிக நீண்டகாலம் நிலைத்த விவாதங்களுள் ஒன்று அடிப்படையில் ஒரு வாசிப்புப் பிரச்சினையே என்பதை வரலாறு காட்டுகின்றது. புதிய ஏற்பாட்டின் இறுதி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரம், சாத்தான் கட்டுண்டு கிடக்க, உயிர்நீத்த சாட்சிகள் கிறிஸ்துவுடன் ஆயிரம் ஆண்டு அரசாள்வதாகக் கூறும். இவ்வாயிரம் ஆண்டு மண்ணில் நிகழவிருக்கும் கால அளவா? அன்றி ஒரு குறியீடா? இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள் நூலைப் பற்றி மட்டுமன்றி, அதனை வாசித்தோர் நின்ற இடத்தைப் பற்றியும் நமக்கு உணர்த்துகின்றன.

இரண்டாம் நூற்றாண்டினரான யுஸ்தினும் இரேனியசும் அதனை நேர்ப்பொருளிலேயே கொண்டனர். உரோமப் பேரரசின் கீழ்த் துன்புற்ற சமூகத்துக்கு, இதே மண்ணில் நீதி நிலைபெறும் என்ற நம்பிக்கை அவசியமாயிருந்தது. எனினும், பக்தியுள்ள கிறிஸ்தவர் பலர் தம்மிலிருந்து வேறுபட்டுக் கருதுகின்றனர் என யுஸ்தின் ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. மிருகத்தின் எண்ணாகிய 666க்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றை எடுத்துக்காட்டிய இரேனியசும், எதனையும் உறுதியாகக் கூறாது காத்திருத்தலே நன்று என்றார். பின்வந்த கணக்காளர் பலரிடம் இந்நிதானம் காணப்படவில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தின் ஆர்சினோயே பகுதியில் நிகழ்ந்த விவாதம் திறனாய்வு மாணவர் அனைவரும் அறியவேண்டியது. நேப்போஸ் என்னும் ஆயர், உருவகப்பொருள் கொள்வோரை மறுத்து எழுதிய நூல் அங்கு பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியஸ் அங்கு சென்று, கிராமங்களின் மூப்பர்களையும் போதகர்களையும் கூட்டி, மூன்று நாள்கள் காலை முதல் மாலை வரை அந்நூலைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார். அப்போது மறைந்துவிட்டிருந்த நேப்போசை அவர் இகழவில்லை. அவரது விசுவாசத்தையும் பாடற்பணியையும் போற்றியே மறுத்தார். ஈற்றில் எதிர்த்தரப்பின் தலைவரே தம் கருத்தைக் கைவிட்டதாக யூசேபியசின் திருச்சபை வரலாறு பதிவுசெய்துள்ளது.

தியோனீசியஸ் அத்துடன் நிற்கவில்லை. யோவான் நற்செய்தியின் சொல்லாட்சியையும் வெளிப்படுத்தின விசேஷத்தின் சொல்லாட்சியையும் ஒப்பிட்டு, முன்னதன் கிரேக்க நடை செம்மையானது, பின்னதன் நடை இலக்கண வழுக்கள் கொண்டது எனக் காட்டி, இரண்டையும் எழுதியவர் ஒருவராதல் இயலாது என முடிவுசெய்தார். இன்றைய ஆய்வாளர் பெரும்பான்மையோரும் அம்முடிவையே ஏற்பர். ஆயினும் அவர் நூலைத் தள்ளிவிடவில்லை. தம் அறிவுக்கு எட்டாத பொருள் அதில் உண்டெனக் கொண்டார். நுணுகிய மொழியாய்வும் பணிவும் ஒருங்கே அமைதல் கூடும் என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

குறியீட்டு வாசிப்புக்கு நிலையான வடிவம் தந்தவர் அகுஸ்தீனார். தொடக்கத்தில் ஆயிரமாண்டு அரசை எதிர்பார்த்த அவர், பின்னர் ‘கடவுளின் நகரம்’ நூலின் இருபதாம் பாகத்தில், அது திருச்சபையின் நிகழ்காலத்தையே குறிக்கும் என விளக்கினார். அவ்விளக்கம் நுட்பமானது. ஆனால், அரசுக்கு எதிராக நின்ற திருச்சபை அரசின் ஆதரவைப் பெற்றுவிட்ட காலத்தில் அது எழுந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வரவிருந்த நீதி வந்துவிட்ட நிறுவனமாக மாறும்போது, நூலின் கூர்மை மழுங்கிவிடும் அபாயம் உண்டு. 1525 இல் ஜெர்மானிய விவசாயிகளோடு நின்ற தோமஸ் முன்சர், உலக முடிவு அண்மித்துவிட்டது என்ற நம்பிக்கையையே கிளர்ச்சியின் குரலாக்கினார். எனவே இந்நம்பிக்கையை வெறும் அறியாமை என ஒதுக்குவதும் பொருந்தாது.

காலக்கணக்கு வாசிப்பின் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. அமெரிக்கரான வில்லியம் மில்லர், தானியேல் நூலின் 2,300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457 இலிருந்து எண்ணத் தொடங்கினார். அவர் இயக்கத்தினர் ஈற்றில் 1844 ஒக்டோபர் 22 ஐ எதிர்பார்த்தனர். அந்நாளும் ஏனைய நாள்களைப் போலவே கழிந்தது. 1970 இல் வெளிவந்த ஹல் லிண்ட்சேயின் ‘த லேட் கிரேட் பிளனெட் ஏர்த்’ என்னும் நூல், பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச் சந்தையின் பத்து நாடுகளாகக் காண முற்பட்டது. 1981 இல் உறுப்பு நாடுகள் பத்தாயின. 1986 இல் அவை பன்னிரண்டாயின. வடதிசைப் பகைவனாக அந்நூல் கண்ட சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்தது. கணக்குப் பிழைக்கும்போதெல்லாம் எண்கள் திருத்தப்படுகின்றனவேயன்றி, வாசிப்பு முறை கேள்விக்குள்ளாவது அரிது.

இவ்வாறு எண்களில் ஆழ்வோர் இழப்பது யாது? நீரோ சீசர் என்னும் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதின் 666 வரும். இலத்தீன் வடிவத்தைத் தழுவி எழுதின், சில ஏடுகளில் காணப்படும் 616 வரும். ஏழு மலைகள்மீது அமர்ந்த பாபிலோன் உரோமாபுரியே என்பது வெளிப்படை. அந்நகரின் வீழ்ச்சியைக் கூறும் பதினெட்டாம் அதிகாரத்தில், தம் சரக்கை வாங்க ஆளில்லையே என வணிகர் புலம்புகின்றனர். பொன், முத்து, பட்டு, தந்தம், கோதுமை, ஆடுமாடு என நீளும் அச்சரக்குப் பட்டியல், ஈற்றில் மனித உயிர்களில் வந்து முடிகின்றது. அடிமை வாணிகத்தின்மீது கட்டப்பட்ட செல்வத்துக்கு எதிரான கண்டனம் இது. 1883 இல் இந்நூல் பற்றி எழுதிய ஏங்கல்ஸ், தீர்க்கதரிசனத்தில் நம்பிக்கையற்றவராயினும், அதனை அதன் காலத்தில் வைத்து நோக்கியமை இங்கு கருதற்பாலது.

காலக்கணக்கு வாசிப்பு இக்கண்டனத்தை என்றோ வரப்போகும் ஒருவன்மீது சுமத்திவிடுகின்றது. நிறுவன வாசிப்பு அதனை முடிந்துபோன கதையாக்கிவிடுகின்றது. இரண்டிலும் வாசகன் தப்பிக்கொள்கிறான். எந்தச் சரக்கின் விலையில் மனித உயிரும் அடங்கியுள்ளது என்று தன் காலத்தை நோக்கிக் கேட்பவனே இந்நூலை நேர்ப்பொருளில் வாசிப்பவனாவான். அவ்வினாவை எழுப்பி, மாற்றுக் கருத்துடையோருடன் மூன்று நாள்கள் அமர்ந்து பேசும் பொறுமையும் நமக்கு வாய்க்குமாயின், இவ்விவாதம் பயனுடையதாகும்.