வழி கேட்ட கதையும் கேளாத கதையும்

கிழக்கிலிருந்து கொழும்புக்கு வரும் ஒருவர் அந்நகரில் வழி தவறுவது எமது சிறுகதைகளில் திரும்பத் திரும்ப வருகின்ற ஒரு சம்பவம். இரவு பஸ்ஸில் புறப்பட்டு, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, சுபஹு நேரத்தில் புறக்கோட்டையில் வந்து நிற்கின்ற அந்த மனிதர் பிழையான பஸ்ஸில் ஏறுவார், அல்லது சரியான பஸ்ஸில் ஏறிப் பிழையான இடத்தில் இறங்குவார். இந்தச் சம்பவத்தை நாம் எவ்வாறு எழுதி வந்திருக்கின்றோம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பெரும்பாலும் இரண்டு வகையாகவே எழுதுகின்றோம். ஒன்று, ஊர்க்காரனின் வெகுளித்தனத்தைக் காட்டிச் சிரிக்க வைப்பது. மற்றையது, கதையின் கடைசிப் பத்தியில் ஒரு நல்ல சிங்களக் கண்டக்டரைக் கொண்டுவந்து இன ஐக்கியத்தைப் போதிப்பது. முதலாவதில் வழி தவறியவன் வெறும் கோமாளி. இரண்டாவதில் அவன் ஒரு செய்தியைச் சுமந்து செல்லும் ஆள். இரண்டிலும் வழி தவறிய அந்த ஒரு மணித்தியாலம் அவனுக்குள் என்ன நடந்தது என்பது எழுதப்படுவதில்லை. எனது குறை இதுதான்.

தமிழில் வழி கேட்பதோடு தொடங்கும் மிகச் சிறந்த கதை புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்று நினைக்கின்றேன். 1943இல் வெளிவந்த கதை. சென்னையில் ஒரு சந்தியிலே, டிராமில் போவதா பஸ்ஸில் போவதா, எதில் போனால் வெற்றிலை பாக்குக்கோ காப்பிக்கோ சில்லறை மிஞ்சும் என்று கந்தசாமிப் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கின்றார். அங்கே கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கின்றார். சகலமும் அறிந்தவருக்கு அந்நகரின் பாதை தெரியவில்லை என்பதுதான் கதையின் முதல் அடி. பிள்ளை சொல்லும் விடையில் டிராமும் உண்டு, பஸ்ஸும் உண்டு, கேட்டுக் கேட்டு நடந்து போவதும் உண்டு.

இந்தக் கதையைப் பற்றி விமர்சகர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். கடவுள் பூமியில் படும் பாடு, பிள்ளையின் சஞ்சிகைக்குச் சந்தா கட்டும் அங்கதம், குழந்தை வள்ளியோடு அவர் ஆடும் விளையாட்டு என்று பலவும் பேசப்பட்டன. நான் கவனித்தது ஒரு சிறிய விடயம். கடவுள் தமிழில் கேட்கின்றார், பிள்ளை தமிழில் பதில் சொல்கின்றார். அதனால்தான் கதை நகர்கின்றது. வழி தெரியாதவர் வாய் திறந்ததும் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்து விடுகின்றார். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று எமது முதியவர்கள் சொல்வதன் அர்த்தமும் அதுவே. சென்னையில் டிராம் 1953இல் நின்றுபோனது. ஆனால் அந்தச் சந்தியில் நடந்த உரையாடல் இன்னும் நிற்கின்றது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையைக் காஃப்கா எழுதியிருக்கின்றார். ஒரு பக்கம்கூட வராத கதை. 1922ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு, அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1936இல் அச்சேறியது. அதிகாலையில் ஒருவன் ரயில் நிலையத்துக்குப் போகின்றான். கோபுரக் கடிகாரத்தைத் தனது கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டதும், நினைத்ததைவிட நேரமாகி விட்டதை அறிகின்றான். அந்த அதிர்ச்சியில் வழியிலும் சந்தேகம் வந்துவிடுகின்றது. அந்த நகரம் அவனுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம் மூச்சு வாங்க ஓடிப்போய் வழி கேட்கின்றான். பொலிஸ்காரன் சிரித்து, என்னிடமா கேட்கிறாய் என்பதுபோல வினவி, அந்த எண்ணத்தையே விட்டுவிடும்படி சொல்லி முகத்தைத் திருப்பிக் கொள்கின்றான். அவ்வளவுதான்.

இதைத் தத்துவக் கதையாகவே பலரும் வாசிக்கின்றனர். அது பிழையில்லை. ஆனால் காஃப்கா செக் மொழி பேசுவோர் பெரும்பான்மையாக வாழ்ந்த பிராக் நகரில் ஜேர்மன் மொழியில் எழுதிய ஒரு யூதர் என்பதை மறந்து விட்டு என்னால் அதை வாசிக்க முடிவதில்லை. பொலிஸ்காரனிடம் அவன் எந்த மொழியில் கேட்டான் என்று கதை சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் எழும் கேள்வி அதுதான்.

புதுமைப்பித்தனிடம் வழி கேட்டவருக்கு விடை கிடைத்தது. காஃப்காவிடம் வழி கேட்டவனுக்கு விடை மறுக்கப்பட்டது. மூன்றாவதாக ஒருவன் இருக்கின்றான். வழி கேட்காதவன். அவன் எமது ஆள். அவனது கதைதான் இன்னும் சரியாக எழுதப்படவில்லை.

ஏன் அவன் கேட்பதில்லை? இந்நாட்டில் பஸ் வண்டி ஒருபோதும் வெறும் வாகனமாக இருந்ததில்லை. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அதே ஆண்டில் பஸ்களின் இலக்கத் தகடுகளில் இருந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து நாட்டையே கொந்தளிக்க வைத்தது. அங்கே ‘ஸ்ரீ’க்குத் தார் பூசினார்கள், இங்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. பலகைகளில் மும்மொழிகளும் வந்தன. ஆனால் பலகையில் எழுதியிருப்பதை வாசிப்பது வேறு, நிறைந்த பஸ்ஸில் அதே மொழியில் வாய் திறப்பது வேறு.

என் அனுபவத்தைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 1996ஆம் ஆண்டு. ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு, ஜூலை 24இல் தெஹிவளையில் ரயில் குண்டுவெடிப்பு. அதற்குச் சில வாரங்களின் பின்னர் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக முதன்முதலில் தனியாகக் கொழும்புக்கு வந்தேன். புறக்கோட்டையில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறித் தும்முல்லைச் சந்தியில் இறங்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. பஸ் சரி, இலக்கம் சரி. கண்டக்டர் வந்து “கொஹேத?” என்று கேட்டார். எனது நாக்கில் தும்முல்லை என்பது தமிழாகவே வரும் என்று எனக்குத் தெரியும். மடியில் ஒரு பெரிய பை வேறு. எல்லோரும் அந்தப் பையைப் பார்ப்பதாகவே தோன்றியது. கண்டக்டர் வாசலில் நின்று கூவிக்கொண்டிருந்த “மஹரகம” என்ற ஒரே சொல்லை, அவரது ஓசையிலேயே திருப்பிச் சொல்லிக் காசைக் கொடுத்தேன்.

இடத்தைக் கண்டதும் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். காணாத இடத்தை எப்படிக் கண்டுகொள்வது? கொம்பனித்தெரு தாண்டியது. நகர மண்டபம் தாண்டியது. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டேன். கிருலப்பனை, நுகேகொட எல்லாம் போய் மஹரகமவில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

திரும்பி வரும்போது அதே பஸ், அதே கண்டக்டர். அவர் என்னை அடையாளம் கண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிறகு உடைந்த தமிழில், “தம்பி, எங்க போற?” என்றார். சொன்னேன். தும்முல்லையில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வந்து இதை ஒரு சிறுகதையாக எழுதினேன். அது பிரசுரமாகியது. பாராட்டும் கிடைத்தது. அந்தக் கதையில் எனது நாயகன் பஸ்ஸில் ஏறியதுமே துணிந்து தமிழில் வழி கேட்கின்றான். கண்டக்டர் நாம் எல்லோரும் ஒருதாய் மக்கள் என்று ஒரு பந்தி பேசுகின்றார். கதையை வாசித்த மூத்த எழுத்தாள நண்பர் ஒருவர் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: “நீங்க உண்மையிலேயே வாய் திறந்தீங்களா காக்கா?” நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. தன்னைவிட இளையவனான என்னை அவர் காக்கா என்று அழைத்தது கேலிக்குத்தான் என்பது விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அந்தக் கதையில் நான் செய்த பிழையைத்தான் மேலே பொதுவாகச் சொன்னேன். கண்டக்டரின் நல்ல மனம் பொய்யல்ல, அதை நானே கண்டேன். ஆனால் அந்த நல்ல மனம் எதன் மேல் வந்து விழுந்தது என்பதை நான் மறைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நித்திரை போல நடித்த அந்த இளைஞனை எழுத வெட்கப்பட்டேன். அவனை நீக்கிவிட்டால் கண்டக்டரின் “தம்பி” என்ற சொல்லுக்குப் பெறுமதியே இல்லை. பேசாமல் செய்த ஓர் உதவியை நான் மேடைப் பேச்சாக மாற்றினேன். இன ஐக்கியக் கதைகள் பல வாசகரைத் தொடாமல் போவதற்குக் காரணம் அவற்றின் நோக்கம் அல்ல. பயத்தை எழுதாமல் நேராக நட்புக்குப் போய்விடுவதே காரணம்.

எமக்கு வழி கேட்பது புதிதல்ல. ஐவேளைத் தொழுகையின் பர்ளுகளில் மட்டும் பதினேழு ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் சூரதுல் பாத்திஹாவை ஓதி நேர்வழியைக் கேட்கின்றோம். வழி தவறியவருக்கு வழிகாட்டுவதைத் தர்மமாகச் சொல்லும் நபிமொழியும் உண்டு. இவ்வளவையும் மனனம் செய்த ஒருவன் புறக்கோட்டையில் வாய் திறக்க முடியாமல் நின்றான் என்றால், அந்த இடைவெளியில் ஒரு நல்ல சிறுகதை இருக்கின்றது.

இதெல்லாம் பழங்கதை, இன்று கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கிறதே என்று இளைய எழுத்தாளர் ஒருவர் சொல்லக்கூடும். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிந்திய வாரங்களில் ஒருநாள் எனது மகள் கொழும்பில் பஸ்ஸில் போனாள். வரைபடம் கையில் இருந்தது. சிங்களமும் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முக்காட்டைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் இரண்டு தரிப்பிடங்களுக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்து போனாள். எனக்கு வழி தெரியாமல் கண்ணை மூட வேண்டியிருந்தது. அவளுக்கு வழி தெரிந்தும் இறங்க வேண்டியிருந்தது.

அதை ஏன் எழுதக் கூடாது என்று அவளிடம் கேட்டேன். எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். வாசிக்கத் தந்தாள். கதையின் முடிவில் ஒரு நல்ல மனிதர் வந்து அவளுக்குக் குடை கொடுக்கின்றார். அப்படி ஒருவர் வந்தாரா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.