புனையா ஓவியமும் மின்னிலக்கப் புனைவும்: ரோச்சோர் சென்டர் கோட்டோவியங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பொழுதுபோக்காக வரைவோரின் படைப்புகளைத் திறனாய்வாளர் இருவகையாகவே கையாண்டு வந்துள்ளனர். ஒரு சாரார் கனிவோடு பாராட்டி அகல்வர்; மற்றொரு சாரார் பொருட்படுத்தவே மாட்டார். நம் வட்டாரத்தில் வெளிவரும் கவிதைத் தொகுப்புகளுக்கு நாம் எழுதித் தரும் அணிந்துரைகளில் முதல்வகைக் கையாளுகையே மிகுதி என்பது இவ்விதழின் வாசகர் அறிந்ததே. இரண்டுமே படைப்பை உற்றுநோக்கும் கடமையைத் தட்டிக்கழிப்பவை. மார்க்கர் பேனாவால் தாளில் வரைந்து, அதனை வருடியின் வழியே கணினிக்குள் ஏற்றி, மென்பொருளால் திருத்தி நிறைவு செய்யும் படங்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இவற்றை வரைவோர் பெரும்பாலும் வேறு தொழில் பார்ப்பவர்கள். வார இறுதியில் வரைபவர்கள். எனினும் அவர்கள் வரையும் தெருக்களும் கட்டடங்களும் மறைந்துகொண்டிருப்பதால், அவர்களின் படங்கள் அவர்களே எண்ணாத ஒரு பொறுப்பை ஏற்க நேர்ந்துள்ளது. அப்பொறுப்பின் தன்மையைச் சிங்கப்பூரின் ரோச்சோர் சென்டரைக் கொண்டு ஈண்டு ஆராயலாம்.

தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ரோச்சோர் கால்வாயை அடுத்து, 1977இல் எழுந்தது ரோச்சோர் சென்டர். கடைகளுக்கு மேல் நின்ற அதன் நான்கு குடியிருப்புப் புளோக்குகளும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனத் தனித்தனி வண்ணம் பூண்டிருந்தமையால் தொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. வடக்கு-தெற்கு வழித்தடத்திற்காக அது அகற்றப்படும் என 2011இல் அறிவிக்கப்பட்டது. குடியிருப்பாளர் வெளியேறிய பின், 2018இல் இடிக்கும் பணி தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதனை வரைந்தோர் பலர். சியாட்டிலில் செய்தியாளராகப் பணியாற்றிய கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கத்தின் சிங்கப்பூர்க் குழு 2009இல் தியா பூன் சிம் அவர்களால் தொடங்கப்பட்டது. அவ்வியக்கத்தின் ஆறாம் அனைத்துலகக் கருத்தரங்கு 2015இல் சிங்கப்பூரிலேயே நடைபெற்றது. அதன் கொள்கை அறிக்கை எட்டுக் கூறுகளைக் கொண்டது. நேரில் நின்று வரைதல், கண்ட காட்சிக்கு உண்மையாக இருத்தல், வரையும் படத்தை இடத்துக்கும் காலத்துக்குமான பதிவாகக் கருதுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. எந்தக் கருவியால் வரைவது என்பதை அவ்வறிக்கை வரைவோருக்கே விட்டுவிடுகிறது. தாளில் நேர்மையாக வரைந்த ஒருவர் இரவில் வீட்டில் அமர்ந்து அதே படத்தை மென்பொருளில் மாற்றும்போது, அந்த உண்மை எங்கே நிற்கிறது என்பதே நம் முன்னுள்ள வினா.

கருவியின் இயல்பு

நெடுநல்வாடையில் அணிகளைக் களைந்திருக்கும் அரசிக்குப் புனையா ஓவியம் உவமையாகிறது. வண்ணங்கொண்டு எழுதாமல் வடிவத்தை மட்டும் கோட்டால் காட்டும் சித்திரம் என்பது நச்சினார்க்கினியர் தரும் விளக்கம். வண்ணம் ஏற்றுவதற்கு முன்னரே கோடு தன்னளவில் ஓவியமாகக் கருதப்பட்டது என்பது இதனால் பெறப்படும். மார்க்கர் ஓவியத்தை அணுகுவதற்கு இக்கருத்து பெரிதும் உதவும். ஏனெனில் மார்க்கரில் கோடும் வண்ணமும் ஒரே அசைவில் பிறக்கின்றன.

1953இல் அமெரிக்காவில் சிட்னி ரோசென்தால் சந்தைக்குக் கொண்டுவந்த ‘மேஜிக் மார்க்கர்’, 1962இல் ஜப்பானின் யுகியோ ஹோரியே உருவாக்கிய நார்முனைப் பேனா ஆகியவற்றின் வழிவந்த இக்கருவி, 1987இல் ‘கோபிக்’ மார்க்கர்கள் வெளிவந்தபோது வடிவமைப்பாளர் கையிலும் சித்திரக்கதை வரைவோர் கையிலும் நிலைபெற்றது. சாராயக் கரைப்பானில் சாயம் கலந்த அதன் மை ஒளி ஊடுருவக்கூடியது. காய்ந்த பட்டையின்மீது மீண்டும் ஒருமுறை இழுத்தால் அவ்விடம் கருக்கும். மெல்லிய தாளாயின் பின்பக்கம்வரை ஊறும். கை ஒரு நொடி தயங்கினால் அவ்விடத்தில் மை தேங்கிப் புள்ளியாகும். பென்சிலைப் போல் அழிக்கவும் முடியாது, எண்ணெய் வண்ணத்தைப் போல் மேலே மறைக்கவும் முடியாது. ஆகவே, வரைந்தவர் எங்கே உறுதியாக இருந்தார், எங்கே தடுமாறினார், எங்கே அவசரப்பட்டார் என்பவை யாவும் தாளிலேயே தங்கிவிடுகின்றன. மார்க்கர் ஓவியத்தின் சுவையில் பெரும்பகுதி இத்தடங்களில்தான் உள்ளது என்பேன்.

மென்பொருளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், 1994இல் அடுக்குகளையும் 1998இல் செய்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பின்செல்லும் வசதியையும் பெற்றது. திரும்பப் பெற முடியாத கோட்டை, எல்லாவற்றையும் திரும்பப் பெறக்கூடிய வெளிக்குள் இட்டுச்செல்வதே இக்கலப்புக் கலையின் அடிப்படைச் செயல். அதனைக் குற்றமென ஒதுக்குவது எளிது. கணினியைத் தொட்டாலே கலை மாசுபடும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

பினாங்கிலிருந்து ஒரு முன்சான்று

இவ்வகைத் திருத்தம் புதியதன்று. 1821இல் லண்டனில் வெளிவந்த பினாங்குக் காட்சிப் படங்களை இங்கு நினைவுகூரலாம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என ஆங்கிலேயர் பெயரிட்ட அத்தீவின் காட்சிகளைத் தீட்டியவர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். தொழிலால் படைப் பொறியாளர், ஓவியம் அவருக்குத் துணை ஈடுபாடு. அவற்றைச் செதுக்கி வண்ணமேற்றி அச்சுக்குக் கொண்டுசென்றவர் வில்லியம் டேனியல். இந்திய நிலக்காட்சிகளைத் தம் தந்தையின் உடன்பிறந்தவரான தாமஸ் டேனியலுடன் வரைந்து, 1795 முதல் 1808 வரை அச்சிட்டு வெளியிட்டுப் பெயர் பெற்றவர் அவர். பழைய பினாங்கின் தோற்றத்தை அறிய இன்றும் நாம் அப்படங்களையே நாடுகிறோம்.

ஸ்மித்தின் கண் ஒன்று, டேனியலின் கை மற்றொன்று என்பதை அப்படங்களின் தலைப்பே பறைசாற்றுகிறது. தீட்டியவர் இன்னார், செதுக்கியவர் இன்னார் என இருவர் பெயரும் அதில் உள்ளன. படத்தில் ஒரு மரம் மிகையாகத் தோன்றினால் ஐயுறுவதற்கு நமக்கு இடம் கிடைக்கிறது. இன்றைய பொழுதுபோக்கு ஓவியரிடம் ஸ்மித்தும் டேனியலும் ஒருவரே. காலையில் கண்டவரும் இரவில் திருத்தியவரும் ஒரே பெயரில் கையெழுத்திடுவதால், பார்ப்பவருக்கு அந்த ஐயத்திற்கான இடம் அடைபட்டுவிடுகிறது.

சுவடியும் பதிப்பும்

தமிழ் ஆய்வு மரபில் பயின்றோருக்கு இச்சிக்கல் அந்நியமாகத் தோன்றாது. ஏட்டுச்சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்டதும் இதனையே. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்து அடிகள் கிடைக்காத இடங்களைத் தாமே இட்டு நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டினார், பாடவேறுபாடுகளைக் குறித்தார். அவருக்கு யாப்பறிவு இல்லாமற் போனதால் அன்று. இட்டு நிரப்பும் ஆற்றல் அவருக்கு நிரம்பவே இருந்தது. அந்த ஆற்றலை அடக்கியாண்டதுதான் பதிப்பின் நேர்மை. மார்க்கர் கோட்டோவியத்தைச் சுவடியாகவும் திருத்திய படத்தைப் பதிப்பாகவும் கொண்டால், எது தகுந்த திருத்தம், எது இடைச்செருகல் என்று பிரித்துணர நமக்கு ஓர் அளவுகோல் கிட்டுகிறது.

இவ்வளவுகோலைக் கொண்டு ரோச்சோர் சென்டர் படங்களை நோக்குவோம். வருடி எந்தத் தாளையும் உள்ளவாறே எடுத்துக்கொள்வதில்லை. வெளிர் சாம்பல் நிறங்களை அது விழுங்கிவிடும். ஒளிரும் மைகளை மங்கச் செய்யும். தாளின் வெண்மையை மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்க்கும். கருவி செய்த இக்குறையை மென்பொருளால் நீக்கி, தாளில் இருந்த நிறத்தை மீட்பது ஏடு எழுதியோரின் பிழையைக் களைவதற்கு ஒப்பாகும். இதனை யாரும் குறைகூற இயலாது. தாழ்வாரத்து நிழலுக்கென இழுத்த சாம்பல் பட்டை வருடியில் மறைந்து, திருத்தத்தால் மீண்டும் தோன்றும்போது, கட்டடம் தரையில் ஊன்றி நிற்கிறது; படத்துக்கு உயிர் வருகிறது.

அடுத்த நிலையில் ஐயம் எழுகிறது. சிவப்புப் புளோக்கின் சுவரில் மார்க்கர் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோடு கோடாகத் தெரியும். பெரிய சுவரை ஒரு குறுகிய முனையால் நிரப்ப முயன்ற கையின் உழைப்பு அது. அதனைக் குறையெனக் கருதி, அவ்விடத்தைத் தேர்ந்து ஒரே சீரான சிவப்பால் நிரப்பிவிடுவோர் உண்டு. நிரப்பிய கணமே அச்சுவர் வெறும் வண்ண அட்டையாகிறது. சுவரில் விழுந்த பிற்பகல் வெயிலும் போகிறது, வரைந்தவர் அங்கு நின்ற நேரமும் போகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் கலை குறைகிறது. தூய்மைப்படுத்துதலை நிறைவு என எண்ணுவது இக்கலைஞர்களிடம் நான் காணும் முதன்மையான குறை. மென்பொருள் தரும் நீர்வண்ணச் சாயலை மார்க்கர் படத்தின்மேல் போர்த்துவதும் இவ்வகையினதே. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது நிலை முற்றிலும் வேறானது. வெளியே நீட்டிய கழிகளில் உலர்ந்த துணிகளை அழித்தல், கட்டடத்தை மறைத்த தடுப்புவேலியை நீக்குதல், மேகமூட்டமான நாளுக்கு நீலவானம் தருதல் முதலியன. துணி உலர்ந்தது மக்கள் அங்கு வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று. வேலி அவர்கள் வெளியேற்றப்பட்ட காலத்திற்குச் சான்று. இரண்டையும் நீக்கிய படம், எந்த ஆண்டுக்கும் உரியதல்லாத ஓர் அழகிய கட்டடத்தைக் காட்டும். அங்கு வாழ்ந்தவர் அதனைத் தம் வீடென்று அறிந்துகொள்ளலாம். தாம் வாழ்ந்த நாளென்று அறிய மாட்டார்.

கற்பனைக்கு இங்கு இடமே இல்லையா எனச் சிலர் வினவக்கூடும். உண்டு, ஆனால் அது தன்னைக் கற்பனையென்று அறிவித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூ 2015இல் வெளியிட்ட சார்லி சான் ஹாக் சை பற்றிய சித்திரக்கதை நூல், இல்லாத ஓர் ஓவியரின் பழுப்பேறிய தாள்களையும் பழைய சித்திரக்கதைப் பக்கங்களையும் அத்தனை நுட்பமாகப் படைத்துக் காட்டுகிறது. 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகள் அதற்குக் கிடைத்தன. அந்நூலின் போலிப் பழமை வாசகரை வரலாற்றைக் கேள்வி கேட்கத் தூண்டுகிறது. நேரில் கண்டு வரைந்தேன் என்று நாளும் இடமும் குறித்த படத்தில் நுழையும் நீலவானமோ கேள்விக்கான வாயிலை மூடுகிறது.

தாளே போதும், கணினி வேண்டா என இதிலிருந்து முடிவு கட்டுவதும் பொருந்தாது. மார்க்கரின் சாய மை ஒளிபட்டால் வெளிறும். உற்பத்தியாளரே ஒப்புக்கொள்ளும் உண்மை இது. 1982இல் ஜப்பானின் சக்குரா நிறுவனம் உருவாக்கிய நிறமி மை அவ்வாறு எளிதில் வெளிறுவதில்லையாதலால், கறுப்புக் கோடு நிலைத்திருக்க, அதனைச் சூழ்ந்த வண்ணம் மட்டும் மங்கிப்போன படங்கள் இனி நமக்கு மிஞ்சக்கூடும். புனைந்தது மெல்லப் புனையா ஓவியமாகிறது! எனவே வரைந்த அன்றே வருடி எடுத்த, திருத்தப்படாத கோப்பு, சில ஆண்டுகளில் தாளைவிட மூலத்துக்கு நெருக்கமானதாகிவிடும். அக்கோப்பின்மீதே திருத்தங்களைச் செய்து சேமித்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. தாளில் சிவப்பு வெளிறி, கோப்பில் சிவப்பு மாற்றப்பட்டிருந்தால், எது சரியென ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கட்டடமும் இப்போது அங்கில்லை.

பள்ளிகளில் வட்டார வரலாறு குறித்த ஒப்படைப்புகளுக்கு மாணவர் இவ்வகைப் படங்களைச் செய்து தருவது வழக்கமாகி வருகிறது. திருத்திய படத்தை மட்டும் பெற்றுக்கொள்ளாமல், வருடி எடுத்த முதற்கோப்பையும், எதை நீக்கினேன், எதைச் சேர்த்தேன் என மாணவர் தமிழில் எழுதிய நான்கைந்து வரிகளையும் சேர்த்துக் கேட்டுப் பெறலாம். கோட்டுக்கா, திருத்தத்துக்கா, எதற்கு மதிப்பெண் அளிக்கிறோம் என்பது ஆசிரியருக்கும் அப்போதுதான் தெரியவரும்.